காலம்பற என்ன சாப்ட்டே?

எங்கள் பகுதித் தமிழர் சங்கம் கொண்டுவரும் ஆண்டு மலருக்குத் தீயணைப்புப் படையினரின் உடற்பயிற்சி, உணவு பற்றிக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"அட்டவணை மாதிரி போட்டுக் குடுத்தா நல்லாருக்கும் அண்ணாச்சி. காலையில இன்னது, மத்தியானம் இன்னதுன்னு. ஜனங்க வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டிக்கிடுவாங்க."

சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கோடு போட்டு, கட்டம் கட்டி, மேலே 'காலை' என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குக் காலை உணவு என்றால் இட்லியோ புட்டோ நினைவுக்கு வருவதில்லை. ஒரு மனிதரின் குரலில் ஒரு கேள்விதான் நினைவுக்கு வருகிறது. அதனால் அட்டவணையை விட்டுவிட்டு, அந்தக் கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் என் அப்பாவுக்கு வெல்ல மொத்த வியாபாரம். நான் இரண்டாவது மகன். தேர்வு எழுதித் தீயணைப்புத் துறையில் ஃபயர்மேன் வேலை கிடைத்தபோது, "வெல்லம் எடைபோட்டுப் பிழைக்கிறதை விட்டுட்டு வெந்து சாகப் போறியாலே?" என்று கேட்டார். திருச்சூரில் பயிற்சி. ஓடினோம், ஏறினோம், கயிறு முடிந்தோம், அழுதோம். அங்கே கைக்கும் காலுக்கும் பாடம் இருந்தது. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இருக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் எனக்கு வாய்த்தது நகரின் நடுவே இருந்த ஒரு நிலையம். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. தீயை அணைத்துவிட்டுத் திரும்பும் வண்டி தானாகவே தெருவோரத் தட்டுக்கடை முன் நிற்கும். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போயிருக்கும். அந்த உடம்புக்குள் பரோட்டாவும் பீஃப் ரோஸ்டும் சர்க்கரை கரையாமல் அடியில் தங்கிய சாயாவும் போகும். பிறகு வந்து படுப்போம். மணி அடித்தால் அந்த வயிற்றோடு எழுந்து ஓடுவோம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டுக்கொள்வார்கள். என்னோடு வேலை செய்தவர்களில் நெருப்பில் இறந்தவர் யாரும் இல்லை. நெஞ்சு அடைத்து இறந்தவர்கள் உண்டு, அதுவும் விடுமுறை நாளில், வீட்டில், நாற்காலியில்.

அந்த நிலையத்துக்கு ஸ்டேஷன் ஆபீசராக அனந்தன் சார் வந்தார்.

கரமனை அக்ரகாரத்துக்காரர். மற்றவர்களிடம் மலையாளம் பேசுவார். பாறசாலைக்காரனான ஞானசிகாமணியிடமும் என்னிடமும் தமிழ். உயரம் குறைவு, குரலும் தாழ்வு. அவர் ஓடி நான் பார்த்ததில்லை. யாரையும் திட்டியும் பார்த்ததில்லை. எதையும் முழு வாக்கியமாகத்தான் சொல்வார். எனக்குத் தரும் கட்டளையும் அப்படித்தான் இருக்கும். "தாணு, நீ இப்போ அந்த ஏணியை எடுத்துண்டு போய் மேற்குப் பக்கச் சுவர்ல சாத்தி, யாரும் ஏறாம பார்த்துக்கோ." எரியும் கட்டடத்தின் முன்னாலும் இதே நிதானம்தான். பரபரப்பான இடத்தில் அந்த நீண்ட வாக்கியங்களைக் கேட்டாலே எங்களுக்கும் நிதானம் வந்துவிடும்.

அவர் கொண்டுவந்த முறை இதுதான். காலை அணிவகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் சுருட்டிய ஹோஸ் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு டிரில் டவர் என்ற பயிற்சிக் கோபுரத்தில் ஏற வேண்டும். உச்சியில் உள்ள கம்பியைத் தொட்டுவிட்டு இறங்க வேண்டும். ஹோஸைக் கீழே வைக்காமல் அவர் முன் வந்து நிற்க வேண்டும். அவர் நம்மைப் பார்க்க மாட்டார். முற்றத்து மாமரத்தையோ மதிலில் உட்கார்ந்திருக்கும் காக்கையையோ பார்த்துக்கொண்டு கேட்பார்:

"காலம்பற என்ன சாப்ட்டே?"

பதில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் ஒரு வார்த்தை வரும். "பம்ப்" என்றால் அன்று முழுவதும் வண்டிப் பக்கம் நின்று தண்ணீர் விடும் வேலை. "ஏணி" என்றால் அதற்கு மேல். "கிணத்துக்குப் போகலாம்" என்பதுதான் உச்சம். மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு புகைக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ இறங்கத் தகுதியான ஆள் என்று பொருள். இந்த ஊரில் எங்களுக்கு நெருப்பைவிடக் கிணறு அதிகம்.

முதலில் அவர் உணவைத்தான் கவனிக்கிறார் என்று நினைத்தோம். புட்டு சாப்பிட்டவனுக்குப் பம்பும், தோசை சாப்பிட்டவனுக்குக் கிணறும் கிடைத்த நாளில் ஆளுக்கு ஒரு கணக்குப் போட்டோம். மறுநாள் எல்லோரும் தோசை சாப்பிட்டு வந்தார்கள். பாதிப் பேருக்குப் பம்ப். அப்புறம்தான் புரிந்தது, அவர் கேட்டுக்கொண்டிருந்தது பதிலை அல்ல. அந்தப் பதிலைச் சொல்வதற்குள் நாம் எங்கெங்கே மூச்சு வாங்குகிறோம் என்பதை.

புரிந்தவுடன் ஏமாற்ற ஆரம்பித்தோம். கேள்வி வந்ததும் "இட்லி, சார்" என்று வெட்டிவிடுவது. ஒரு சொல்லில் மூச்சிரைப்பு தெரியாது. சார் அதற்கும் வைத்திருந்தார்.

"இட்லின்னா எத்தனை? தொட்டுக்க என்ன? யார் பண்ணினா? முழுசாச் சொல்லுடா, நான் கேக்கறேன்."

ஞானம் இதில் ஒரு கலைஞன் ஆகிவிட்டான். கல்யாணம் ஆகாதவன், விடிகாலையில் பஸ் பிடித்து வருபவன், பல நாள் வெறும் சாயாவோடுதான் வருவான். ஆனாலும் டவரிலிருந்து இறங்கி, "பழங்கஞ்சியும் சுட்ட கருவாடும் சார், கூட சின்ன உள்ளி நசுக்கிப் போட்ட சம்மந்தித் துவையலும், எங்க அம்மை வச்ச மரச்சீனி மயக்கினதும், அதுக்கு மேல ஒரு ஏத்தம்பழமும்" என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பான். வரிசையில் நிற்பவர்களுக்கு எச்சில் ஊறும்.

"நீ பொய் சொல்றே" என்பார் சார், காக்கையைப் பார்த்தபடி. "ஆனா பொய் சொல்ல நெஞ்சுல வலு இருக்கு. கிணத்துக்குப் போகலாம்."

சாப்பாட்டையும் அவர் மாற்றினார், மெதுவாக. வண்டியில் ஒரு பானை மோர் ஏறியது. உப்பும் கறிவேப்பிலையும் நசுக்கிய இஞ்சியும் போட்டது. தீயணைத்துவிட்டு வருகிறவன் முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிறகு மோர், நிலையத்துக்கு வந்து கஞ்சியும் சிறுபயறும் என்று வரிசை வைத்தார். பரோட்டாவுக்குத் தடை போடவில்லை. "ஆசையா இருந்தா திங்கலாம். ஆனா பசியோட திங்காதே. கஞ்சி குடிச்சுட்டு அப்புறம் போய்த் தின்னு பார்ப்போம்" என்றார். கஞ்சி குடித்தபின் எவனுக்கும் தட்டுக்கடைவரை நடக்கத் தோன்றவில்லை. கஞ்சி வடிக்கும் பொறுப்பு என்னுடையது. எட்டுப் பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பயறு என்பது இன்றும் கைக்குத் தெரியும்.

எங்கள் எல்லோரையும் கேட்ட அவரை யாரும் கேட்டதில்லை. அவருக்குப் போளியும் பால்பாயசமும் உயிர். சாலைக் கடைத்தெருவில் சுடச்சுடப் போளி வாங்கி, பாயசத்தில் முக்கி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். டவரில் அவர் ஏறுவதில்லை. ஆபீசர் ஏற வேண்டும் என்று விதி கிடையாது.

இனிச் சொல்லப்போவது கழக்கூட்டம் பக்கம் நடந்தது.

ஐ.டி. பிள்ளைகள் வாடகைக்குத் தங்கும் விடுதி ஒன்றின் பின்புறம் பழைய உறைகிணறு. தூர் வார வந்தவர் டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டியிருக்கிறார். பம்ப் நின்றது. என்னவென்று பார்க்க இறங்கியவர் பேச்சு மூச்சில்லாமல் சாய்ந்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் தெரிந்தார். பம்பின்மேல் தலை சாய்த்துத் தூங்குபவர்போல இருந்தார். ஆம்புலன்ஸ் ஒன்று எங்களுக்கு முன்பே வந்து கதவைத் திறந்து வைத்திருந்தது.

வரிசை எங்களுக்குத் தெரியும். தகர டப்பாவில் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினோம். பாதியிலேயே அணைந்தது. மாமரக் கிளை ஒன்றை இலையோடு வெட்டி, கயிற்றில் கட்டி, மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்கினோம். தண்ணீரைத் தூவலாக விட்டோம். மறுபடி மெழுகுவர்த்தி. மறுபடி அணைந்தது. அப்படியானால் மூச்சுக்கருவியோடுதான் இறங்க வேண்டும். அன்று காலை டவரில் கிணறு கிடைத்தவன் நான். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தேன். உறை அவ்வளவு குறுகல், இரண்டு முழங்கையும் இடிக்கும். கயிற்றின் மறுமுனையில் ஞானமும் இன்னும் மூன்று பேரும்.

சார் என் பக்கத்தில் நின்றார். ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தார்.

"கயிறு" என்றார்.

ஞானம் கயிற்றைக் காட்டினான்.

"மாஸ்க்."

கையில் இருந்த மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டுபோனேன். ஏதோ தவறாக இருந்தது. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. எல்லோருக்கும் வியர்த்தது, அவருக்கும் வியர்த்தது. எல்லோரும் அவசரத்தில் இருந்தோம்.

"இறங்கு" என்றார்.

அப்போது பிடிபட்டது. அவர் வாக்கியம் பேசவில்லை.

மாஸ்க்கை இறக்கினேன். "சார், காலம்பற என்ன சாப்ட்டீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். விடுதிக்காரர், "சாரே, ஒரு ஆளு அடியில கிடக்கு! இப்பத்தானா சாயா கதை?" என்று கத்தினார். சார் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஒருவரை நேராகப் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை. கேட்கப்படுவதும் பழக்கமில்லை.

"போளி."

"எத்தனை சார்? தொட்டுக்க என்ன? முழுசாச் சொல்லுங்க."

வாயைத் திறந்தார். "ரெண்டு..." என்றார். அடுத்த சொல் வருவதற்கு அவர் எடுத்த மூச்சை எல்லோரும் கேட்டோம். சிரித்தவனும் கேட்டான். ஞானத்தின் முகம் மாறியது.

"டிரைவரண்ணே, சாரை ஆம்புலன்ஸ்ல ஏத்துங்க" என்றேன்.

அவர் மறுத்துத் தலையசைத்தார். கையைக் கிணற்றின் பக்கம் நீட்டினார். "அவனுக்கு" என்றார். அந்த வண்டி கீழே கிடப்பவருக்கு என்று சொல்ல வருகிறார்.

"அவரை நான் கொண்டுவர்றேன். கொண்டுபோக வேற வண்டி பாத்துக்கலாம். நீங்க ஏறாம நான் இறங்கமாட்டேன் சார்."

இப்படிச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. கீழே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது சொல்லக்கூடிய வார்த்தையும் அல்ல. ஆனால் வேறு எதற்கும் அவர் அசைய மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு நொடி அவர் என்னைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். பிறகு டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தனக்காக அல்ல. நான் இறங்க வேண்டும் என்பதற்காக.

ஆம்புலன்ஸ் கதவு மூடும் சத்தம் கேட்டது. மாஸ்க்கைப் போட்டேன். இறங்கினேன்.

கிணற்றுக்குள் இறங்குபவனுக்கு மேலே வானம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கும். கேட்பது தன் மூச்சு மட்டும். அன்று அந்த மூச்சு எனக்கு வேறொருவருடையதைப்போல இருந்தது. கிடந்தவரைக் கட்டினேன், கயிற்றை அசைத்தேன், மேலே போனார். நான் அடியில் காத்திருந்தேன். முழு வாக்கியத்தில் ஒருவர் மேலேயிருந்து பேசாத முதல் கிணறு அது.

தூர் வார வந்தவரை எங்கள் ஜீப்பிலேயே கொண்டுபோனோம். பிழைத்தார். சாருக்கு ரத்தக்குழாயில் அடைப்பு. இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கொண்டுபோன ஆரஞ்சைப் பக்கத்தில் வைத்தேன். திரும்பாமலே, "அத்தனை பேர் முன்னாலே கேட்டுட்டியேடா" என்றார். அவ்வளவுதான். செவிலி வந்து நேரமாயிற்று என்றாள்.

மருத்துவக் குழு அவரைக் களப்பணிக்குத் தகுதியில்லாதவர் என்று எழுதியது. கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். வயர்லெஸ் முன்னால், காதில் ஹெட்ஃபோனோடு ஓய்வு பெறும்வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"லேய் தாணு" என்றான் ஞானம் ஒருநாள், கஞ்சிக்கு உப்பு போட்டுக்கொண்டே. "நீ அனந்தனைக் காப்பாத்திட்டே. ஸ்டேஷன் ஆபீசரைக் கொன்னுட்டே."

"வேற என்னலே செய்யச் சொல்லுதே?"

"ஒண்ணும் செய்யாண்டாம். கஞ்சியைக் குடி."

தீயணைப்பு வண்டி புறப்படும்போது, இடத்தைச் சேரும்போது, வேலை முடியும்போது கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி சொல்ல வேண்டும். வண்டியில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் வாங்கிச் சொல்வேன். புகையிலிருந்து வெளியே வந்தவுடன், மூச்சு அடங்கும் முன்பே மைக்கை எடுப்பேன். "தீ முழுசா அணைஞ்சாச்சு, யாருக்கும் காயமில்லை, நாங்க ஹோஸைச் சுருட்டிட்டு மேற்கு வாசல் வழியாத் திரும்பறோம்" என்று வேண்டுமென்றே நீட்டுவேன். அவர் கேட்கட்டும் என்று.

"ரிசீவ்ட். அவுட்" என்று வரும். வேறெதுவும் வராது. அவர் ஓய்வு பெற்ற நாளிலும் அதுவேதான் வந்தது.

அதன்பின் நிலையத்தில் நல்ல மாற்றங்கள் பல வந்தன. எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். பிள்ளைகள் கையில் கட்டும் கடிகாரம் நெஞ்சு துடிப்பதைச் சொல்கிறது. கிணற்று வாயில் வைக்க முக்காலியும் கப்பியும் வந்துவிட்டன. உணவியல் வல்லுநர் ஒரு பெண் வந்து வகுப்பு எடுத்தார். முட்டை, பயறு, கீரை, போதிய தண்ணீர், போதிய உறக்கம் என்று அவர் சொன்னது அத்தனையும் சரி. இந்த மலரில் அட்டவணை தேடுபவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஞானம் பணியில் இருக்கும்போதே மாற்றலாகிப் பாறசாலைக்குப் போனான். என் மனைவி பகவதி நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே காலமானாள். மகள் புனேயில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். "சாப்ட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். ஒரே சொல். "இட்லி, சார்" என்று சொன்னவர்களிடமிருந்து கற்றதுதான். "என்ன சாப்ட்டீங்க, தொட்டுக்க என்ன" என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேன்.

இந்தக் கட்டுரைக்காக, அந்தக் கிணற்று விஷயத்தை எழுதலாமா என்று அனந்தன் சாரிடம் அனுமதி கேட்பது முறை என்று தோன்றியது. போனில் யாரும் எடுக்கவில்லை. கரமனை வீட்டை விற்றுவிட்டு மகனோடு அடுக்குமாடியில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். லிஃப்ட் பழுது. கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறினேன், பழக்கம்.

மருமகள் கதவைத் திறந்தாள். "அப்பாவுக்குக் காது சுத்தமாக் கேக்காது அங்கிள். அந்தக் காலத்துல பம்ப் சத்தத்துலேயே நின்னு நின்னு போயிடுத்துன்னு டாக்டர் சொன்னார். மிஷின் வச்சாலும் பிரயோஜனமில்லே. இதுல எழுதிக் காட்டுங்கோ" என்று ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் தந்தாள்.

பால்கனியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்து, நிமிர்ந்து. நான் முன்னால் போய் நின்றேன். படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. யார் என்று தெரிந்துகொண்டதாக முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு, காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், தெருவே கேட்கும்படி கேட்டார்:

"காலம்பற என்ன சாப்ட்டே?"

நான் பலகையை எடுத்தேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"வாயாலே சொல்லு. முழுசாச் சொல்லு."

இந்த முறை அவர் மரத்தைப் பார்க்கவில்லை. காக்கையைப் பார்க்கவில்லை. மூச்சில் ஏறி இறங்கும் என் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து மிஞ்சின கஞ்சியில உப்பு போட்டுக் குடிக்கலாம்னு எடுத்தேன் சார், புளிச்சுப்போச்சு, கொட்டிட்டேன், பகவதி போனதுக்கப்புறம் ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு எனக்கு இன்னும் பிடிபடல்ல, கை தன்னால எட்டுப் பேருக்குப் போட்டுடுது, அவ்வளவு சோத்தைத் தனியாப் பாத்தா தொண்டையில இறங்க மாட்டேங்குது, அதனால முக்கால்வாசி நாள் காலம்பற நான் ஒண்ணுமே சாப்பிடறதில்ல சார்."

எங்கும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் தோள்களைப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டினார். முகத்தில் பழைய திருப்தி வந்தது.

"கொள்ளாம், நன்னா இருக்கு" என்றார். "கிணத்துக்குப் போகலாம்."